இருக்கை ஈந்த பெயர்

கதீட்ரல் என்று கேட்டதும் வானளாவும் கூர்கோபுரங்கள் உம் கண்முன் எழக்கூடும்; அச்சொல்லைப் பிரித்து உள்ளே பார்த்தால் கிடப்பது ஒரு நாற்காலி.

கிரேக்கத்தில் 'கத' கீழைக் குறிக்கும், 'எத்ரா' அமருமிடத்தைக் குறிக்கும். இரண்டும் புணர்ந்த 'கதெத்ரா' இலத்தீனுக்குக் குடிபெயர்ந்து, முதலில் ஆசானும் பின்னர் கிறித்தவ ஆயரும் அமர்ந்து போதிக்கும் இருக்கைக்குப் பெயராயிற்று. நாம் காலை எண்ணி நாற்காலி என்றோம். கிரேக்கர் உடல் தாழ்ந்து அமர்வதைக் கண்டு பெயரிட்டனர். அமர்தலையும் உளதாதலையும் 'இரு' என்னும் ஒரே அடியில் வைத்த நம் 'இருக்கை' எனக்கு அதனினும் இனிக்கிறது.

ஆயரின் இருக்கை அமைந்த கோயிலை இலத்தீனர் 'எக்லேசியா கதெத்ராலிஸ்' என்றனர். வழக்கில் கோயிலைச் சுட்டிய முற்சொல் உதிர, அடைமொழியே பெயராக நிலைத்தது. 'பாலை இறக்கு' என்கையில் பாலின் பெயர் கலத்துக்கு ஆகிறதே, அந்தத் தானியாகுபெயரின் சாயல் இங்கும் உண்டு. அதே கதெத்ரா பழம்பிரெஞ்சு நாவில் தகரம் தேய்ந்து மெலிந்து, ஆங்கிலம் வழியாக நம் திண்ணைக்குச் 'சேர்' என வந்து சேர்ந்தது.

கூர்கோபுரங்கள் எழும் அக்கட்டடப் பாணிக்கு வழங்கும் 'கோதிக்' என்பதோ பிற்காலத்தார் ஒட்டிய பழிப்பெயர். உரோமைச் சூறையாடிய கோத்தியரை நினைத்து இத்தாலிய அறிஞர் இகழ்ந்து சொன்னது. கட்டிய கொத்தர் அதை அறியார்.

இப்பாணி அரும்பியது பாரிசுக்கு வடக்கே, சான் தெனி மடத்துக் கோயிலில். மடத்தலைவர் சுஜே எழுப்பிய கிழக்குப் பகுதி 1144இல் திருநிலைப்படுத்தப்பட்டது: கூர்வளைவுகள், இலைநரம்பெனப் பிரிந்தோடும் கல்விலாக்கள், அவை பாரத்தைத் தூண்களில் இறக்கியதால் மெலிந்த சுவர்கள், தூண்களுக்கிடையே பெருகிய ஒளி. பிரெஞ்சு மன்னர்கள் துயில்வதும் அங்கேதான். அரசன் தகோபெருடையது என மரபு சொல்லும் வெண்கல இருக்கையொன்றும் அங்கு இருந்தது. விலங்குத் தலை தாங்கிய கால்கள் கொண்ட அதனைச் சுஜே செப்பனிட்டார். ஆனால் அது அரசிருக்கை. ஆயரிருக்கை அங்கு இருக்கவில்லை, ஆகவே கோதிக் கலையின் தலைமகவுக்குக் கதீட்ரல் என்னும் பெயர் கிட்டவில்லை.

1966இல் சான் தெனி தனி மறைமாவட்டமாயிற்று. கோபுரம் வளரவில்லை, தூணொன்றும் கூடவில்லை. ஆயருக்கு ஓர் இருக்கை வந்தது. 822 ஆண்டுகள் காத்திருந்த பெயரும் உடன் வந்தது.