பட்டிகையின் நிறை

வீரமுனைப் பிள்ளையார் கோயிலின் கதையில் சோழ இளவரசி சீர்பாததேவியின் கப்பல் வரும். திருகோணமலைக் கடலில் தடைப்பட்டு, பின் கரை சேர்ந்த இடமே வீரமுனை என்பது ஐதிகம். அவள் இடையில் அணிந்த பட்டிகை, அதாவது ஒட்டியாணம், எப்படிப்பட்டதென்று ஐதிகம் சொல்வதில்லை. சோழர் காலத்து அணிகலனை அறிய, தஞ்சைப் பெரிய கோயிற் சுவரைத்தான் படிக்க வேண்டும்.

முதலாம் இராசராசனும் அவன் அக்கன் குந்தவையும் அங்குள்ள திருமேனிகளுக்கு அளித்த பட்டிகை, கடகம், தோள்வளை, மோதிரம் யாவும் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லில் பொறிக்கப்பட்டன. பொன்னுக்கு ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல். மணி பதித்த நகைக்கு ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்று வேறொன்று. 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. உள்ளே வைத்த அரக்கும் நிறையில் சேர்ந்ததா என்பதைக்கூட எழுதினார்கள். முத்திலே வட்டம், அனுவட்டம், கறடு, சப்பத்தி என்று வகை. குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளி. நம்மூர் அடைவுகடைக்காரரும் இவ்வளவு பார்ப்பாரோ?

இன்றைய ஆய்வுகூடம் எக்ஸ் கதிரைச் செலுத்தி, பழைய கொளுக்கி ஒன்றில் செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று சொல்லிவிடும். அதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டும். தஞ்சையில் நிறை பார்த்த நகைகள் இன்று இல்லை. உருக்கிய பொன்னில் தட்டானின் கைவேலை தெரியாது. எஞ்சியது கணக்கு மட்டுமே. ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதை 1891இல் அச்சேற்றத் தொடங்கினார்.

ஈழமண்டலத்து ஊர்களும் அக்கோயிலுக்குக் கொடுக்கப்பட்டதை அதே கல்வெட்டுகள் கூறுகின்றன. அவ்வூர்ப் பெண்கள் காதிலும் கையிலும் என்ன அணிந்தார்கள் என்பதற்கு அங்கே ஒரு வரி இல்லை.