உறங்கும் திரையில் சுழலும் சுருள்கள்

கண்ணாடிக் குழாய்த் திரைகள் இருந்த காலத்தில் கணினிக்கு ஒரு நோய் உண்டு. ஒரே எழுத்து மணிக்கணக்கில் ஓரிடத்தில் நின்றால், திரையின் உட்புறப் பூச்சு அங்கே தேய்ந்து, அணைத்த பின்னும் அவ்வெழுத்தின் நிழல் தங்கிவிடும். 1983 டிசம்பரில் அமெரிக்காவின் சாஃப்ட்டாக் இதழில் ஜான் சோச்சா வெளியிட்ட சிறு நிரல் அதற்கு மருந்தாயிற்று. மூன்று நிமிடம் எவரும் விசைப்பலகையைத் தொடாவிட்டால் திரை கறுத்துவிடும், அவ்வளவே. ஆனால் வெறும் கருமையை நாம் நெடுநாள் பொறுத்துக்கொள்வதில்லை. 1989-இல் வந்த ஆஃப்டர் டார்க் அந்த இருளில் சிறகு முளைத்த டோஸ்டர்களைப் பறக்கவிட்டது.

நாம் இங்கே பேச விரும்புவது வேறொரு திரைக்காப்பைப் பற்றி. யூனிக்ஸ் கணினிகளுக்காக ஜேமி ஸவின்ஸ்கி 1992-இல் தொடங்கிய எக்ஸ்-ஸ்க்ரீன்சேவர் தொகுப்பில் ‘டீமன்’ என்றொரு நிரல் இருக்கிறது. அதை நிரலாக எழுதியவர் டேவிட் பேக்லி. அதன் மூலவிதி விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டேவிட் கிரிஃபத்துடையது. ஏ.கே. ட்யூட்னி 1989 ஆகஸ்டில் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்தியில் எழுதியபோதுதான் அவ்விதி பரவலாகத் தெரியவந்தது.

விதி ஒரே வரியில் அடங்கும். திரை முழுதும் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோவொரு நிறம். நிறங்கள் வட்டமாக வரிசையில் நிற்கின்றன. கடைசி நிறத்துக்கு அடுத்தது முதல் நிறம். ஒரு கட்டத்தின் அண்டைக் கட்டங்களில் எதிலாவது தன் நிறத்துக்கு அடுத்த நிறம் இருந்தால், அக்கட்டம் அந்நிறத்துக்கு மாறும். இல்லையேல் சும்மா இருக்கும். எந்தக் கட்டத்துக்கும் அண்டை வீட்டைத் தாண்டிப் பார்வை கிடையாது. முழுத் திரையையும் அறிந்த மேஸ்திரி ஒருவரும் இல்லை.

தொடக்கத்தில் கண்டபடி தூவிய வண்ணப் பொடிதான் தெரியும். இந்நிலையைக் குப்பை என்கிறார்கள். பிறகு அங்கங்கே ஒற்றை நிறத் துளிகள் தோன்றிப் பரவி ஒன்றையொன்று விழுங்கும். மூன்றாவதாக வருவதைப் பிழை என்றே பெயரிட்டிருக்கிறார்கள். எங்கோ சில கட்டங்கள் தற்செயலாக ஒரு வளையமாக அமைந்து, வளையத்தைச் சுற்றி நிறங்கள் முழு வரிசையும் ஓடிவிடுகின்றன. அதன்பின் அவ்வளையம் தன் வாலைத் தானே துரத்தத் தொடங்கும். இப்படி அமைந்த பிழையை இவ்விதிக்குள் எதுவும் அழிக்க முடியாது. அதிலிருந்து சுருளலைகள் புறப்பட்டு, இறுதியில் திரை முழுவதும் சுழலும் சுருள்கள் மட்டுமே எஞ்சும். கிரிஃபத் ‘டீமன்’ என்றழைத்தது இந்தச் சுருள்களைத்தான்.

விளையாட்டுப் பொம்மை என்று இதைத் தள்ளிவிடலாம். நமக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம் பரிஸ் பெலவ்சோவ் என்ற சோவியத் வேதியியலாளர். 1950களின் தொடக்கத்தில் அவர் மாஸ்கோவில் சிட்ரிக் அமிலம், புரோமேட், சீரியம் அயனி ஆகியவற்றை அமிலக் கரைசலில் கலந்தார். உயிரணுவுக்குள் நிகழும் வேதிச்சுழற்சியைக் குடுவைக்குள் போலி செய்து பார்ப்பது நோக்கம். கரைசல் மஞ்சளானது, நிறமிழந்தது, மீண்டும் மஞ்சளானது. தானாகவே, கடிகாரம் போல.

கட்டுரையை அனுப்பினார். நடக்கவே முடியாத ஒன்று என்று திருப்பி அனுப்பினார்கள். பதிப்பாசிரியரின் தர்க்கம் மடத்தனமானதல்ல: வேதிவினை சமநிலையை நோக்கி இறங்கிக்கொண்டே போகவேண்டும், ஊசல் போலத் திரும்பிவருவது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்குப் புறம்பு என்று எல்லோரும் நம்பிய காலம். (1921-இல் பெர்க்லியில் வில்லியம் ப்ரே இத்தகைய ஊசலாட்டத்தைக் கண்டபோது அழுக்கின் விளைவு என்று ஒதுக்கிவிட்டார்கள்.) உண்மையில் விதி மீறப்படவில்லை. கலவை மொத்தமாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இறங்கும் வழியில், சமநிலைக்கு வெகுதூரம் முன்பே, இடைப்பொருட்கள் மட்டும் ஏறியிறங்கின. ஆனால் குடுவையை ஒருமுறை கலக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாததுதான் நம்மை உறுத்துகிறது.

பெலவ்சோவ் மீண்டும் முயன்றார், மீண்டும் மறுப்பு. 1959-இல் கதிர்வீச்சு மருத்துவச் சுருக்கத் தொகுப்பொன்றின் மூலையில் சிறு குறிப்பாக மட்டுமே அது அச்சேறியது. 1961-இல் அனத்தோலி ஜபோட்டின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர் அதைக் கையிலெடுத்தார். 1970-இல் ஸைக்கினுடன் சேர்ந்து, தட்டில் மெல்லிதாக ஊற்றிய கரைசலில் அலைகள் வளையங்களாக விரிவதைக் காட்டினார். பெலவ்சோவ் இறந்த ஆண்டும் அதுவே. 1980-இல் வழங்கிய லெனின் பரிசுப் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

1972-இல் அமெரிக்கரான ஆர்தர் வின்ஃப்ரீ அதே கரைசலின் சுருளலைகளை விவரித்து எழுதினார். அப்படங்களையும் டீமனின் திரையையும் அருகருகே வைத்தால் எவருக்கும் திகைப்பு வரும். கிரிஃபத்தின் விதிக்கு புரோமேட்டும் தெரியாது, சீரியமும் தெரியாது. ஆகவே சுருள் அப்பொருட்களின் குணமாக இருக்க இயலாது. தூண்டப்படுவது, சற்று ஓய்வது, மறுபடி தூண்டலுக்குத் தயாராவது என்ற சுழற்சியும், அடுத்திருப்பவரைத் தொற்றும் வழியும் எங்கிருந்தாலும் அது வரும்.

இதயத் தசையிலும் வரும். துடிப்பைக் கொண்டுசெல்லும் மின்னலை சீராகக் கடந்துபோவதற்குப் பதில் சுருளாக மாட்டிக்கொண்டால் இதயம் தாறுமாறாக விரையும்; சுருள் பலவாக உடைந்தால் இதயம் துடிக்காமல் நடுங்கும், சில நிமிடங்களில் உயிர் போகும். வின்ஃப்ரீ பின்னாளில் பல ஆண்டுகள் இதைப் பற்றியே ஆராய்ந்தார். தானாக அமையும் ஒழுங்கைப் பற்றி இலக்கியப் பத்திரிகைகளில் நாம் பரவசத்தோடு எழுதும் கட்டுரைகளில் இச்செய்தி அரிதாகவே இடம்பெறுகிறது. டீமன் என்ற பெயரை வைத்தவர் வேடிக்கையாகத்தான் வைத்திருப்பார், ஆனாலும் பொருந்திவிட்டது.

தட்டிலுள்ள கரைசல் எரிபொருள் தீர்ந்ததும் அடங்கிவிடும். திரையில் அந்த முடிவு இல்லை. குறித்த சுற்றுகள் முடிந்ததும் நிரல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடியும் வண்ணப் பொடியைத் தூவுகிறது.