தார் பூசிய பலகையும் ஈஸ்டர் பனியும்

நோர்வேயில் பனிச்சறுக்குக்கு எது நல்ல காலம் என்று இந்த ஊர்ச் சனத்தைக் கேட்டால், கடும் மாரி என்று சொல்லமாட்டார்கள், ஈஸ்டர் என்பார்கள். பெரிய வெள்ளியை ஒட்டிய கிழமையில் ஒஸ்லோ வெறிச்சோடிப்போகும். தோடம்பழமும் ‘க்விக் லுன்ஷ்’ சொக்கிலேற்றும் முதுகுப்பையில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக மலைக்கு ஏறிவிடுவார்கள். யாழ்ப்பாணத்துக் குருநகர் யாகப்பர் கோயிலில் பெரிய வெள்ளியைக் கழித்து வளர்ந்த எனக்கு இந்தப் பழக்கம் விளங்கச் சில வருடங்கள் எடுத்தன. விளங்கவைத்தது ஒரு சோடி பழைய மர ஸ்கி.

இளவேனிலில் மலையில் பகல் வெயில் பனியை உருக்கும், இரவுக் குளிர் அதைத் திரும்ப உறையவைக்கும். இப்படிப் பல நாள் நடந்தால் பஞ்சுபோல் விழுந்த பனி, ஆனையிறவு உப்பளத்து உப்புக்கல் மாதிரி உருண்டு திரண்ட மணிகளாகிவிடும். விடியற்காலையில் அது கல்லாக இருக்கும். வெயில் ஏறியதும் மேலே ஒரு விரற்கடை அளவு மட்டும் இளகும். பின்னேரத்துக்குள் முழுவதும் சகதியாகும். இடையில் கிடைக்கும் அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் சனம் மலைக்குப் போகிறது. அந்த நேரத்தில் 210 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஸ்கிப் பலகை, ஏறி நிற்பவரின் பாரத்தை நீளம் முழுக்கப் பரப்பிவிடும். புதையாது, திசை மாறாது, ஒரு தள்ளலுக்கு நெடுந்தூரம் ஓடும்.

இந்தப் பலகைக்கு இன்றைய வடிவம் வரக் காரணமானவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் சொந்த நிலம் இல்லாத ஓர் ஏழை. தெலமார்க் மாவட்டத்து மொர்கெடால் கிராமத்தில் 1825இல் பிறந்த சொன்ட்ர நூர்ஹைம், குத்தகைக் குடிசையில் வாழ்ந்தவர். அதுவரை ஸ்கியில் பெரும்பாலும் கால்விரல் நுழையும் ஒரு வார் மட்டுமே இருந்தது. திரும்பினால் கால் கழன்றுவிடும். அவர் முறுக்கிய மரக்கொடியால் குதிக்காலைச் சுற்றிக் கட்டினார். பலகையின் நடுப்பகுதியை இடைபோல ஒடுக்கிச் செதுக்கினார். இந்த இரண்டும் சேர்ந்ததும் வேகமாக இறங்கும்போதே விரும்பிய பக்கம் திரும்ப முடிந்தது. 1868இல், 42 வயதில், இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில் நடந்த போட்டியில் அவர் இதைச் செய்துகாட்டியபோது தலைநகரம் வாயடைத்துப் போனது. ஆனால் புகழ் சோறு போடவில்லை. 1884இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1897இல் வட டகோட்டாவில் இறந்தார். 1952இல் ஒஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, அவருடைய பழைய குடிசை அடுப்பில்தான் தீபம் ஏற்றினார்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன ஒருவரின் கைவண்ணம் ஒரு நாட்டின் அடையாளமாகியிருக்கிறது. புலம்பெயர்ந்த எனக்கு இந்த வரலாற்றில் மிக நெருக்கமான பகுதி இதுதான்.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஹிக்கறி மரம் இறங்கியது. வைரம் பாய்ந்த அந்த மரம் அடிப்பலகையானது. அழுத்தி இறுக்கிய பீச் மரத்தால் ஓரங்கள் அமைந்தன. ஈஸ்டர் பனியில் ஏற்றம் ஏறும்போது பலகை பின்னால் வழுக்காமலிருக்க, பீட்டர் ஓஸ்ட்பி 1913இல் ‘கிளிஸ்டர்’ என்ற பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். 1927இல் புரோர் வித் ‘ரொட்டஃபெல்லா’ என்ற உலோகப் பிடியைக் கொண்டுவந்தார். சப்பாத்தின் முன்நுனியை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். குதிக்கால் விடுதலையாக எழும்பும்.

அப்படியொரு மர ஸ்கி என் கைக்கு வந்த கதை, எங்கள் ஊருக்கும் இந்த நாட்டுக்கும் தொடர்பு ஏற்பட்ட 1956இல் தொடங்குகிறது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் அந்த ஆண்டு நோர்வே வந்தார். இங்கு வந்த முதல் ஈழத்தமிழர் என்று அவரைச் சொல்வார்கள். மீன்பிடித் தொழிலைப் படித்து, 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியோடு ‘சீ-நோர்’ திட்டத்தை யாழ்ப்பாணத்தில் தொடங்கினார். காரைநகரில் படகுத்துறையும் குருநகரில் வலை ஆலையும் வந்தன. அந்தத் தொடர்பைப் பிடித்து எங்கள் பெடியங்கள் பலர் இங்குள்ள மக்கள் உயர்பள்ளிகளுக்குப் படிக்க வந்தார்கள். போர் மூண்ட பின் வந்த பலர் வடமுனையில் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் கத்தி பிடித்தார்கள். நானும் அந்தப் பள்ளி வழியாக வந்தவன்தான். பாடசாலையில் புதிய பிளாஸ்டிக் ஸ்கிகள் மற்றவர்களுக்குப் போய்விட, களஞ்சிய அறையில் கிடந்த நீண்ட மரச்சோடி என் பங்குக்கு வந்தது.

அதைத் தயார்செய்யும் முறையைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் வள்ளம் நினைவுக்கு வந்தது. முதலில் பழைய மெழுகைச் சுரண்டி எடுக்கவேண்டும். பிறகு பைன் மரத்திலிருந்து இறக்கிய தாரைத் தூரிகையால் பூசி, மேலே தீச்சுவாலையை மெதுவாக ஓட்டவேண்டும். தார் குமிழி விட்டுக் கொதித்து மரத்துக்குள் இறங்கும். ஒரே இடத்தில் நின்றால் மரம் கருகும், அவசரப்பட்டால் தார் மேலேயே நிற்கும். மிச்சத்தைத் துணியால் துடைத்தால் கபில நிறத்தில் பலகை மின்னும். எங்கள் கரையிலும் வள்ளத்தை ஏற்றிக் காயவைத்து, சுறா எண்ணெய் பூசி, அது மரத்துக்குள் சுவறும்வரை பொறுத்திருப்பார்கள். தண்ணீரை மரத்துக்குள் விடக்கூடாது என்ற ஒரே கவலைதான் இரண்டு கரையிலும்.

மரத்தை இரண்டு இடத்திலும் ஒதுக்கியதும் ஒரே பொருள்தான். 1974இல் சுவீடனின் ஃபாலுனில் நடந்த உலகப் போட்டியில், தோமஸ் மக்னுசன் கண்ணாடியிழை ஸ்கியில் 30 கிலோமீற்றர் ஓட்டத்தை வென்றார். அதன்பின் போட்டியாளர்கள் மரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை, தொழிற்சாலைகளும் மாறின. அதே காலத்தில் எங்கள் கடலிலும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி மரவள்ளங்கள் ஒதுங்கின. புதியதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இயந்திரம் பூட்டிய இலேசான படகு எங்கள் மீனவருக்குச் சோறு போட்டது. ஆனால் எந்த மரம் எங்கே வளையும், எந்தப் பக்கம் இழை ஓடுகிறது என்று கையால் தடவிச் சொல்லும் அறிவு, மரத்தோடு சேர்ந்து போய்விடுகிறது. அந்த இழப்புக்கு ஈடு இல்லை.

நூர்ஹைமின் மாவட்டப் பெயரால் வழங்கும் தெலமார்க் திருப்பத்தை இந்த மரப் பலகையில் செய்து பார்க்கவேண்டும். ஒரு காலை முன்னே விட்டு, மற்றக் காலின் குதியை எழுப்பி, முழங்காலை மடித்துத் தாழவேண்டும். இரண்டு பலகையும் ஒன்றின்பின் ஒன்றாக ஒரே நீண்ட வளைவாகிவிடும். நீளமான மரம் சட்டென்று திரும்பாது. முன்கூட்டியே எண்ணி, பாரத்தை மாற்றி, அது இணங்கும்வரை காத்திருக்கவேண்டும். இளகிய உப்புக்கல் பனி அந்தப் பொறுமைக்கு இடம் கொடுக்கும். வளைவு முடியும்வரை பனிமணிகள் பலகையின் ஓரத்தில் கரகரவென்று உருண்டு ஓடும்.

நோர்வேயில் பாடசாலை வாத்தியக் குழுக்கள் நடத்தும் பழம்பொருட் சந்தைகளில் இந்த ஸ்கிகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. பலர் வாங்கிச் சுவரில் குறுக்காக அடித்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது வேறு. சோடியின் அடிப்பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி இருந்தால் பலகையின் வில்வளைவு இன்னும் சாகவில்லை. வெடிப்பு இருக்கிறதா என்று நுனியையும் பிடி பூட்டிய இடத்தையும் பாருங்கள். வெடிப்பு இல்லையென்றால் தார் பூசி, ஈஸ்டருக்கு மலைக்குக் கொண்டுபோங்கள். எங்கள் கரையில் வள்ளம் கட்டத் தெரிந்த கைகள் குறைந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு தொழிலறிவு பாவனையில் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். அதை உயிரோடு வைத்திருக்க அது தோன்றிய மண்ணில் பிறந்திருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.