அடிமனை

முதல் போடாமல் தொழில் நடத்த முடியுமா? காலி மனை ஒன்று கையில் இருந்தால் முடியும் என்று பழைய சென்னப்பட்டணத்து நிலக்காரர்கள் கண்டுகொண்டார்கள். மனையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தார்கள். சுவர் எழுப்பவில்லை, ஓடு வேயவில்லை. "தரைக்கு மாதம் இவ்வளவு, வீட்டை நீயே கட்டிக்கொள்" என்றார்கள். இதற்கு அடிமனை வாடகை என்று பெயர்.

வேடிக்கையான ஏற்பாடுதான். நிலம் ஒருவருக்கு, அதன்மேல் நிற்கும் கூரை இன்னொருவருக்கு. ஓடு உடைந்தாலும், மழையில் சுவர் சரிந்தாலும் குடியிருப்பவன் பாடு. மாதம் பிறந்தால் நிலக்காரருக்கு வாடகை. ஒழுங்காகக் கொடுத்துவந்தால் நம்மை யார் கிளப்பப் போகிறார்கள் என்று அவனும் நம்பினான். அந்த நம்பிக்கையில் ஓலைக் குடிசை மண்சுவராயிற்று; மண்சுவர் செங்கல்லாயிற்று.

சட்டம் அந்த நம்பிக்கையை அறியவில்லை. குத்தகை முடிந்தால், தான் கட்டியதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு, நிலத்தை வாங்கியபடியே திருப்பித் தரவேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் விதி. மூங்கிலையும் ஓட்டையும் வண்டியில் ஏற்றலாம். சுவரை என்ன செய்வது? நகரம் வளர்ந்தது, மனைக்குக் கிராக்கி ஏறியது. காலி செய்யச் சொல்லி நோட்டீசுகள் வந்தன.

கடைசியில் சட்டசபை தலையிட்டது. 1922-ஆம் ஆண்டின் 3-ஆவது சட்டமாகச் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதற்கு முன்பே பிறர் நிலத்தில் வீடு கட்டியிருந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. கட்டடத்துக்கும் அவன் வைத்து வளர்த்த மரத்துக்கும் ஈடு கொடுத்தாக வேண்டும். இன்னொரு படியும் மேலே போனார்கள். வெளியேற்ற வழக்குப் போட்டால், "அந்த நிலத்தை எனக்கே விலைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்று அவன் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் கேட்கலாம். பணம் கட்ட 3 மாதம் முதல் 3 வருஷம் வரை கோர்ட்டு தவணை தரலாம். வாடகைக்கு வந்தவன் சொந்தக்காரனாகும் வழி அது!

நிலக்காரர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வாடகையை நம்பியே அடுப்பு எரிந்த வீடுகளும் உண்டு; விளக்கு எரிந்த கோயில்களும் உண்டு. பின்னாளில் சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டுக்கு அவசியமான அளவு நிலத்தை மட்டுமே கேட்கலாம் என்று ஆயிற்று. 1996-ஆம் ஆண்டின் 2-ஆவது சட்டம் கோயில் முதலிய சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு விலக்கு அளித்தது.

இன்று காலி மனையைத் துண்டு போட்டுச் சிறு வீடுகளுக்கு வாடகைக்கு விட எண்ணுகிறவர் இந்தக் கதையை ஒரு தரம் நினைத்துப் பார்ப்பது நல்லது. அவர் கொடுப்பது வெறும் தரைதான். வாங்குகிறவனோ அதன்மேல் தன் வாழ்நாள் சம்பாத்தியத்தையே கட்டி வைக்கிறான்.