இச்சையும் அனிச்சையும்: தொடுசிகிச்சையில் ஆணுடலின் எதிர்வினை – செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தொழில்முறை உடற்பிடிச் சிகிச்சையின்போது ஆண்களுக்கு விருப்பத்தின் துணையின்றி ஏற்படும் குறி விறைப்பு, உடலியலில் விளக்கம் பெற்ற நிகழ்வாகும். எனினும், சிகிச்சை மரபுகளும் தொழிற்சங்க விதிகளும் நீதிமன்ற ஆணைகளும் அதனை நேரடியாகப் பெயரிட்டுப் பேசுவது அரிது. அவை அந்நிகழ்வின் பொறுப்பை முறையே நோயாளி, பணியாளர், அறை ஆகிய மூன்றின்மீது சுமத்தியுள்ளன என்பது இக்கட்டுரையின் வாதம். சித்த மருத்துவத் தொக்கண மரபு, 1894ஆம் ஆண்டின் இலண்டன் விதிகள், 2014 முதல் 2022 வரையிலான நீதிமன்ற வழக்குகள் ஆகியன இங்கு ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொக்கணம், உடற்பிடி, அனிச்சைச் செயல், இச்சாபத்தியம், மாமல்லபுரம், உடல்சார் தன்னாட்சி.

1. முன்னுரை

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டம், தொடுசிகிச்சையின் வரலாற்றை ஆராய்வோர்க்கு வாய்ப்பான களமாகும். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் தொக்கணமும் வர்மமும் சிறப்பு மருத்துவத் துறையின் பாடங்களாக உள்ளன. 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி நவீன மருத்துவத்தின் வழிவந்தது. மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெருவிலோ, வெளிநாட்டுப் பயணியரை நோக்கி ‘ஆயுர்வேத மசாஜ்’ என்னும் பலகைகள் தொங்குகின்றன. ஒரே மாவட்டத்திற்குள் மனிதக் கை மனித உடலைத் தொடும் முறைக்கு இத்தனை பொருள்கள் உள்ளன. முதல் இரண்டும் மருத்துவம் என்றே கொள்ளப்படுகின்றன; மூன்றாவது மட்டும் காவல்துறையின் ஐயத்திற்குரியதாகிறது. இவ்வேறுபாட்டின் அடியில் வெளிப்படையாகப் பேசப்படாத ஓர் உடல் நிகழ்வு உள்ளது. தடவலின்போது ஆணுடல் சில வேளைகளில் தானாகவே கிளர்ச்சி அடைகிறது. அதனை இன்பநாட்டத்தின் சான்றாகக் கொள்வதா, உடலின் அனிச்சையாகக் கொள்வதா என்ற வினாவே இங்கு ஆய்வுப்பொருள்.

2. அனிச்சையின் உடலியல்

பள்ளி அறிவியல் நூல்கள் ‘அனிச்சைச் செயல்’ என்னும் சொல்லை நன்கு பழக்கியுள்ளன. சூடான பாத்திரத்திலிருந்து கை தானே விலகுவது அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. குறி விறைப்பின் ஒரு வகையும் இத்தொகுப்பில் அடங்கும். 1863இல் ஜெர்மானிய உடலியலாளர் கொன்ராட் எக்கார்ட், நாய்களின் இடுப்பு நரம்புகளைத் தூண்டி விறைப்பை உண்டாக்கிக் காட்டினார். தண்டுவடத்தின் திரிகப் பகுதியில், இரண்டு முதல் நான்கு வரையிலான கூறுகளிலிருந்து எழும் பாராசிம்பதெடிக் நரம்புகளே இதற்குரிய பாதை என்பது பின்னர் உறுதிப்பட்டது. இப்பகுதிக்கு மேலே தண்டுவடம் முறிந்து, கீழுடலில் உணர்ச்சி முற்றிலும் இழந்த ஆண்கள் பலரிடத்தும் தொடுதலால் விறைப்பு உண்டாகிறது. தொடுதலை அவர்கள் உணர்வதில்லை. மூளையின் விருப்பம் அப்பாதையில் பங்கேற்பதும் இல்லை. விருப்பமின்றியும் இவ்வெதிர்வினை நிகழும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது சான்று உறக்கத்திலிருந்து கிடைக்கிறது. உறக்கத்தில் விறைப்பு ஒழுங்கான சுழற்சியில் தோன்றி மறைவதை ஓல்மையர் குழுவினர் 1944இல் பதிவு செய்தனர். விழித்திருக்கும் வேளையில் சிம்பதெடிக் நரம்புகள் விறைப்பை அடக்கி வைத்திருக்கின்றன. உடல் ஆழ்ந்து தளரும்போது அவ்வடக்கம் குறைகிறது. வெதுவெதுப்பான எண்ணெய், மங்கிய ஒளி, சீரான நீவல், தொடை, அடிவயிறு ஆகியவற்றின் அருகே படும் அழுத்தம் ஆகியவை இத்தளர்ச்சியையும் தூண்டலையும் ஒருசேர வழங்குகின்றன. ஆகவே, சிகிச்சையின் நோக்கமான தளர்வே சில வேளைகளில் இவ்வெதிர்வினைக்கும் வாயிலாகிறது. இதனை ஏற்பதால், சிகிச்சை பெறுபவரின் நடத்தைக்கு உரிய பொறுப்பு நீங்கிவிடாது. எதிர்வினை உடலுடையது, அதன்பின் சொல்லாலும் கையாலும் செய்யப்படுவது மனிதருடையது. இவ்வெல்லைக்கோட்டை வெவ்வேறு காலங்கள் எங்கெங்கு வரைந்தன என்பதே பின்வரும் பகுதிகளின் பொருள்.

3. தொக்கண மரபு: நோயாளியின் பொறுப்பு

சித்த மருத்துவம் தொக்கணத்தை ஒன்பது வகையாகப் பகுக்கும்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இப்பெயர்கள் ஒன்பதும் செய்பவரின் கை நிகழ்த்துவதைக் குறிக்கின்றன. பெறுபவரின் உடல் எவ்வாறு எதிர்வினை புரிகிறது என்பது இவ்வகைப்பாட்டில் இடம்பெறவில்லை.

எனினும் தொடுதலுக்கும் இச்சைக்கும் உள்ள உறவை இம்மரபு அறியாதிருந்தது எனக் கூற இயலாது. எண்ணெய் முழுக்கு நாளில் உடலுறவு, பகலுறக்கம், குளிர்ந்த உணவு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்னும் வழக்கம் தமிழ் இல்லங்களில் இன்றும் நினைவிலுள்ளது. மருந்துண்ணும் காலத்து உடலுறவு விலக்கிற்கு ‘இச்சாபத்தியம்’ என்னும் தனிக் கலைச்சொல்லே உண்டு. இங்குக் கட்டுப்பாடு நோயாளியின் மேல் வைக்கப்பட்டுள்ளது. உடலில் எழுவது எதுவாயினும் அதன்வழிச் செல்லாதிருத்தல் அவர் கடமை. இச்சை பத்தியத்துள் அடக்கப்பட்டது. அனிச்சைக்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை.

தேவைப்படாமைக்குச் சமூக அமைப்பும் காரணமாகும். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் பிடித்துவிடுவதே பொது வழக்கு. வர்ம ஆசான்களிடமும் களரி உழிச்சலிலும் பெறுபவர் கோவணமோ கச்சையோ அணிந்திருப்பார். அத்துணி உடலை மறைத்ததோடு, எழக்கூடிய தருமசங்கடத்தையும் சொல்லின்றிக் கட்டி வைத்தது. தமிழகத்தில் முடிதிருத்தும் சமூகத்தார் மருத்துவர், பண்டிதர், பரியாரி என்னும் பெயர்களால் வழங்கப்பட்டமையும், அச்சமூகப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பணியாற்றியமையும் 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் பதிவாகியுள்ளன. உடம்பு பிடித்துவிடும் பணியிலும் இச்சமூகத்தார்க்குப் பங்கு இருந்தது. இங்கு ஒன்றை மறத்தலாகாது. சாதிப்படிநிலையில் கீழே வைக்கப்பட்டவர் மேலே இருப்பவரின் உடலைத் தொட்டுப் பணி செய்தபோது, அவ்வுடலின் நடத்தை குறித்துக் குறைகூறும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. ஆகவே, மரபின் மௌனத்தை நாகரிகம் என்று மட்டும் போற்றுதல் பொருந்தாது. அதில் அதிகாரத்தின் பங்கும் உண்டு.

4. இலண்டன், 1894: பணியாளரின் பொறுப்பு

இந்தியத் தொடுகலை ஐரோப்பாவில் பரவியதற்கு அறிந்த எடுத்துக்காட்டு பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது. அவர் பிரைட்டன் நகரில் மூலிகை நீராவிக் குளியலும் ‘சாம்பு’ எனப்பட்ட உடற்பிடியும் வழங்கி, 1822இல் அது பற்றி நூலும் வெளியிட்டார். இன்று தலைக்குத் தேய்க்கும் ‘ஷாம்பு’, பிசைதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து இவ்வாறு பிறந்ததே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உடற்பிடி இங்கிலாந்தில் மருத்துவச் சிகிச்சையாக மதிப்புப் பெற்றபோது, அதன் பெயரில் பாலியல் தொழில் நடப்பதாகப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1894இல் எழுதியது. அதே ஆண்டில் செவிலியரும் மருத்துவச்சியரும் ஆகிய பெண்கள், ‘பயிற்சி பெற்ற மசாஜ் பெண்பணியாளர் சங்கம்’ ஒன்றை நிறுவினர். மருத்துவரின் வழிகாட்டுதலின்றிச் சிகிச்சை செய்தலாகாது. ஆண்களுக்கு முழுவுடல் தடவல் செய்தலாகாது, மருத்துவர் தனியே கோரும் நிலைமை மட்டும் விலக்கு. மருத்துவ இதழ்களிலன்றி விளம்பரம் கூடாது என்பன அதன் தொடக்க விதிகள். ஆணுடல் எதிர்வினை புரியக்கூடும் என்னும் அச்சம் இவ்விதிகளின் அடியில் இருப்பது வெளிப்படை. ஆனால் அது வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆணுடலைத் தொடாதிருப்பதே பெண் பணியாளரின் நற்பெயருக்குக் காப்பாயிற்று. பத்தியம் நோயாளியிடமிருந்து பணியாளரிடம் மாறியது எனலாம்.

இவ்விலக்கை முதல் உலகப்போர் தளர்த்தியது. 1914இல் அமைந்த அல்மெரிக் பேஜட் இராணுவ மசாஜ் படையின் பெண்கள், காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்தனர். 1920இல் அரச பட்டயம் பெற்ற சங்கம் 1944இல் இயன்முறை மருத்துவச் சங்கமாகப் பெயர் மாறியது. இன்று மருத்துவமனைகளில் பெண் இயன்முறை மருத்துவர் ஆண் நோயாளியைத் தொடுவது இயல்பு. உடல் மாறவில்லை, தொடுபவரின் கல்வித்தகுதியும் தொழில்நெறியும் தொடுதலின் பொருளை மாற்றின.

5. மாமல்லபுரக் கடற்கரை: மரபு இடம்பெயர்ந்த களம்

1984இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் மாமல்லபுரம் இடம்பெற்றது. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விடுதிகள் பெருகின. தொக்கணமும் உழிச்சலும் நோய்நீக்கும் முறைகள் என்ற நிலையிலிருந்து விடுமுறைக்கால ஓய்வுப் பொருளாக மாறின. இம்மாற்றத்தில் மூன்று பாதுகாப்புகள் ஒருங்கே நழுவின. பெறுபவர் நோயாளி அல்லர். ஆகவே பத்தியம் இல்லை. செய்பவர் ஆசானோ மருத்துவரோ அல்லர், குறுகிய பயிற்சி பெற்ற கூலிப் பணியாளர். ஆகவே தொழில்நெறி எழுத்தில் இல்லை. ‘ஸ்பா’ வடிவம் எதிர்பாலினத் தடவலையும் உடன் கொணர்ந்தது; ஆகவே கோவணத்தின் மௌன ஒப்பந்தமும் செல்லவில்லை. பழைய மௌனம் மட்டும் எஞ்சியது. வெட்கத்தால் பெறுபவர் பேசுவதில்லை. வேலை போகும் என்பதால் செய்பவரும் பேசுவதில்லை. பேசப்படாத அந்நிகழ்வு கடைசியில் காவல்துறையின் மொழியில்தான் பேசப்பட்டது.

6. நீதிமன்றங்கள்: அறையின் பொறுப்பு

எதிர்பாலினத்தவர் தடவுவதையே ஐயத்திற்கு ஆதாரமாகக் கொள்ளலாமா என்ற வினா, 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் முன் மஸ்தி ஹெல்த் அண்ட் பியூட்டி வழக்கில் எழுந்தது. 2021இல் எதிர்பாலினத் தடவலைத் தில்லியின் வழிகாட்டு நெறிகள் தடைசெய்தன. அவ்வாண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அத்தடையை இடைக்காலமாக நிறுத்தியது. அதே டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், தமிழகத்தின் ஸ்பாக்கள், மசாஜ் நிலையங்கள் அனைத்திலும் கண்காணிப்புக் கேமராக்கள் இருப்பதை உறுதிசெய்யுமாறு ஆணையிட்டார். 2022 ஜனவரித் தொடக்கத்தில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மாறான கருத்தைத் தெரிவித்தார். 2017ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பை அடியொற்றி, ஸ்பாவினுள் கேமரா பொருத்துவது உடல்சார் தன்னாட்சியை மீறும் என்றும், ஐயம் மட்டுமே ஒருவரின் ஓய்வுரிமையுள் புகுவதற்குக் காரணமாகாது என்றும் அவர் கொண்டார்.

இரு ஆணைகளும் முரண்பட்டாலும் அவற்றின் களம் ஒன்றே. கதவு திறந்திருக்க வேண்டுமா, கேமரா இருக்கலாமா என்பதே வினா. அறை ஒழுங்குபடுத்தப்படுகிறது, அறையுள் இருக்கும் உடலின் அனிச்சை பேசப்படவில்லை. கேமரா காட்டக்கூடியது விறைப்பை. காட்ட முடியாதது விருப்பத்தை. உடலியல் அறியாத கண்ணுக்கு முன்னது பின்னதன் சான்றாகத் தோன்றும். அவ்விடத்தில் குற்றமற்ற ஆணும், அவனைத் தொட்ட காரணத்தால் பெண் பணியாளரும் ஒருசேர இழிவுக்குள்ளாகின்றனர்.

7. விடுபட்ட இடம்: பயிற்சியும் பாதுகாப்பும்

இயன்முறை, மசாஜ் பயிற்சிகளின் நடைமுறை அறிவு இங்குத் தெளிவான வழியைக் காட்டுகிறது. எதிர்வினை தோன்றினால் பணியாளர் பதறாமல் துணியால் போர்த்தி, தடவும் இடத்தையோ நிலையையோ மாற்றி, தேவையெனின் இது இயல்பானது என ஓரிரு சொல்லில் தெரிவித்துத் தொடரலாம். பெறுபவர் பாலியல் நோக்குடன் பேசினாலோ, பணியாளரின் கையை இழுத்தாலோ, தன்னைத் தானே தொட்டாலோ சிகிச்சையை அங்கேயே முடித்து வெளியேறுதல் பணியாளரின் உரிமை. முதலாவது அனிச்சை, இரண்டாவது இச்சையின் செயல். இவ்வேறுபாடு கற்பிக்கப்படாதவிடத்து, பணியாளர் எல்லாவற்றையும் தாக்குதலாக அஞ்சுவார். அல்லது எல்லாவற்றையும் ‘இயல்பு’ எனப் பொறுத்துக்கொள்ளுமாறு முதலாளியால் பணிக்கப்படுவார்.

பின்னதே பெரிய தீங்கு. பணியிடத்தில் பெண்களுக்கெதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பணியிடத்திற்கு வந்து தொடர்புகொள்ளும் வெளியாரிடமிருந்தும் பாதுகாப்பு அளிப்பதை முதலாளியின் கடமையாக்குகிறது. பத்துப் பேருக்குக் குறைவான பணியாளர் கொண்ட நிறுவனங்களின் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். கடற்கரைத் தெருவின் சிறு நிலையங்களுக்குப் பொருந்துவது இவ்வழியே. ஒழுக்கக்கேடு என்னும் கோணத்தில் சோதனைகள் நடக்கும்வரை, குறைகூற வரும் பெண் தானே குற்றவாளியாக்கப்படும் அச்சம் அவ்வழியை அடைத்து நிற்கும்.

8. முடிவுரை

சித்த மரபு நோயாளியையும், 1894ஆம் ஆண்டின் சங்கம் பணியாளரையும், நம் காலத்து வழக்குகள் அறையையும் கட்டுப்படுத்தின. மூன்றும் தத்தம் காலத்தின் அச்சத்திற்கு விடை தேடின. மூன்றிலும் உடலின் அனிச்சை பெயரின்றியே இருந்தது. தொக்கணக் கல்வியும் நவீன உடலியலும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருப்பது இவ்விடைவெளியை நிரப்ப நல்வாய்ப்பாகும். தொக்கணப் பாடத்திட்டத்திலும் சுற்றுலாத் தொழிற்பயிற்சியிலும் இவ்வெதிர்வினை குறித்த ஒரு பாடம் இடம்பெறுமாயின், இச்சாபத்தியம் என்னும் பழஞ்சொல்லின் அருகே அனிச்சை என்னும் சொல்லும் தனக்குரிய இடத்தைப் பெறும். தொடுகலையைக் கைத்தொழிலாகக் கொண்டோரின் மானம் அச்சொற்களின் வேறுபாட்டில் அடங்கியுள்ளது.