சங்காயமும் நாமக்கல் முட்டையும்

ஏப்ரல் 15 ஆனா தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கட்டிவிடப்படும். ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கக் காலம் என்பது அரசு சொல்லும் காரணம். 2001-ல் இது ஆரம்பித்தபோது மே 29 வரை 45 நாள்தான், 2017-லிருந்து 61 நாளாக்கினார்கள். இந்த நாட்களில் கரையோரக் கடல் நாட்டுப்படகுகளுக்கு. வள்ளம், கட்டுமரம், இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகு. செவுள் வலையும் கரைவலையும் போட்டு நெத்திலி, சாளை, காரல் என்று கிடைப்பதைப் பிடித்து அன்றைக்கே கரை சேர்ந்துவிடுவார்கள்.

சேலம், நாமக்கல்காரனுக்கு இதில் என்ன வந்தது? நமக்குக் கடல்னா சந்தையில் சாக்கு விரித்துக் கொட்டி வைத்திருக்கும் கருவாடுதான். நாகப்பட்டினம் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். ஆனா இந்தக் கடலோரத்தின் அரை நூற்றாண்டுக் கதையில் நம்ம ஊருக்கு ஒரு பங்கு இருக்கு. அது கோழி வழியா வந்த பங்கு.

கதையை இறாலில் இருந்து ஆரம்பிக்கணும். 1952-ல் ஐ.நா., நார்வே, இந்தியா மூன்றும் ஒப்பந்தம் போட்டு, கொல்லம் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. மீனவர் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதுதான் நோக்கம். ஆனால் அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்கு நல்ல விலை கொடுக்க, திட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை மடி தமிழ்நாட்டுக்கும் வந்தது. இறால் சின்ன உயிரி, அதனால் மடியின் கண்ணும் சின்னது. இறாலோடு சேர்ந்து குஞ்சு மீன், நண்டு, பேர் தெரியாத பொடி மீன் எல்லாம் ஏறும். ராமேஸ்வரம் பக்கம் இதுக்குச் சங்காயம்னு பேர். ஆரம்பத்தில் இதில் பெரும்பகுதி திரும்பக் கடலுக்கே போனது. ஐஸ் வைக்கிற இடம் இறாலுக்கே பத்தாது, குப்பையை யார் கரைக்குக் கொண்டுவருவார்கள்?

அந்தக் குப்பைக்கு விலை வந்தது கோழியால்.

கூண்டில் வளர்கிற முட்டைக் கோழி வெளியே போய்ப் புழு பூச்சி பொறுக்க முடியாது, எல்லாச் சத்தும் தீவனத்திலேயே வரணும். மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் போட்டால் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறையும். மீனில் இரண்டும் தாராளமாக உண்டு. தாவரத்தில் கிடைக்காத பி12 வைட்டமினும் உண்டு. இது உலகம் முழுக்கத் தெரிந்த கணக்கு. அமெரிக்க, ஐரோப்பியக் கோழிகள் தின்றது பெரு நாட்டு நெத்திலியை. 1970-ல் பெரு 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல் நெத்திலி பிடித்தது. அளவுக்கு மீறிய பிடிப்போடு 1972-ல் எல் நினோவும் சேர, 1973-ல் அது சுமார் 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. மீன்தூளுக்கு மாற்றாக எல்லோரும் சோயா பக்கம் ஓட, அந்த ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதியையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. ஒரு நாட்டுப் பொடிமீன் காணாமல் போனதில் உலகச் சந்தையே ஆடிப்போச்சு.

நாமக்கல் பண்ணைகள் பெருகியதும் இதே காலத்தை ஒட்டித்தான். 1982-ல் முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது, 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. நமக்குப் பெரு எதுக்கு? மணலில் காயப்போட்ட சங்காயம் லாரியில் வந்து இறங்கியது. அதில் மணலும் உப்பும் அதிகம். உப்பு கூடினால் கோழி தண்ணியைக் குடித்துக்கொண்டே இருக்கும், எச்சம் நீர்த்துப்போகும். அதனால்தான் தீவனத்துக்கு வரும் கருவாட்டில் உப்பையும் மண்ணையும் சோதிப்பது.

கடல் பக்கம் இதற்குள் நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் சண்டை முற்றியிருந்தது. வலை அறுந்தது, படகு எரிந்தது. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கு என்று ஒதுக்கியது. காகிதத்தில் கோடு தெளிவா இருக்கு. ஆனா இறாலும் குஞ்சு மீனும் கூடுவது ஆழம் குறைந்த கரையோரத்தில்தானே? அதனால் கோட்டைத் தாண்டி விசைப்படகு உள்ளே வருகிறது என்ற புகார் இன்றுவரை ஓயவில்லை.

ஆரன் லோபோ, ரோகன் ஆர்தர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோழமண்டலக் கரை விசைப்படகுகளைப் பற்றி 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எனக்கு இந்தக் கதையின் முடிச்சே அதுதான். சாதாரணமாக, இறாலும் பெரிய மீனும் குறைந்தால் டீசல் செலவுக்குக் கட்டாமல் படகு நின்றுவிடணும், கடலுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கணும். இங்கே அந்த பிரேக் பிடிக்கவில்லை. கோழித் தீவனத்துக்குப் போகும் பொடிமீன் காசு படகை ஓட வைக்கிறது. எதுவானாலும் விலை உண்டு என்றால் எதையும் விட்டுவைக்கத் தேவையில்லை. சித்திரை, வைகாசி முழுக்க நாம் தடை போட்டுக் காப்பாற்றுகிற குஞ்சு மீன், ஜூன் 15-க்கு அப்புறம் மடியில் ஏறினால் சங்காயம்தான். ஒரு வருஷம் விட்டிருந்தால் அதிலேயே எத்தனையோ சாப்பாட்டு மீனாகி, நாட்டுப்படகுக்காரர் வலையில் விழுந்து நல்ல விலைக்குப் போயிருக்கும்.

பழியை முழுசாகக் கோழிப் பண்ணையாளர் தலையில் போடுவதும் சரியில்லை. இன்று தீவனத்தில் புரதத்துக்கு முதல் இடம் சோயாப் புண்ணாக்குக்கு, மெத்தியோனினும் ஆலையில் செய்ததே மூட்டையாக வருகிறது. மீன்தூள் உள்ளூர்க் கோழிக்கு மட்டும் போவதும் இல்லை, இறால் பண்ணையும் மீன் பண்ணையும் அதற்குப் பெரிய வாடிக்கை. தடுக்க வேண்டிய இடம் மடியின் கண்ணும் ஏலக்கூடமும்தான். கேரளா 2015-ல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்தது. அதுக்குக் கீழே இருந்தால் பிடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. பிறகு பட்டியல் 58 வகையாக நீண்டது. தேதியை வைத்துப் போடும் தடையைவிட இது குஞ்சு மீனுக்கு நேராகப் பதில் சொல்கிறது என்பது என் எண்ணம்.

2021-ல் சோயாப் புண்ணாக்கு விலை எகிறியபோது பண்ணையாளர்கள் டெல்லி வரை போனார்கள். அந்த ஆகஸ்டில் மத்திய அரசு, மரபணு மாற்றிய சோயாவிலிருந்து எடுத்த 12 லட்சம் டன் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. பத்திரிகையில் பெரிய விவாதமே நடந்தது. பிரேசில் சோயா, அர்ஜென்டினா சோயா எல்லாம் அதில் வந்தது. மண்டபம், ராமேஸ்வரம் கரையில் காய்கிற சங்காயம் பற்றி நான் படித்த வரைக்கும் ஒரு வரி இல்லை.