வெப்3.ஜேஎஸ்

வெப்3.ஜேஎஸ், எத்திரியம் பிளாக்செயினுடன் இணையச் செயலிகளை இணைப்பதற்காக ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட நிரல் நூலகம். எத்திரியத்தின் முதன்மை வலையமைப்பு 2015 ஜூலை 30 அன்றுதான் இயங்கத் தொடங்கியது. இந்நூலகத்தின் வேலை அதற்கு முன்பே, 2014இல், எத்திரியம்.ஜேஎஸ் என்ற பெயரில் ஆரம்பமாகிவிட்டது. மாரெக் கோட்டேவிச், ஃபேபியன் ஃபோகல்ஸ்டெல்லர் ஆகியோர் இதன் தொடக்ககால ஆசிரியர்கள். 2015 நவம்பரில் இஆர்சி-20 என்னும் டோக்கன் தரத்தை முன்மொழிந்தவரும் இதே ஃபோகல்ஸ்டெல்லர்தான்.

செயலிகள் எத்திரியம் நோடுடன் பொதுவாக ஜேசான்-ஆர்பிசி கோரிக்கைகள் வழியாகவே பேசும். ஒருவருக்கு டோக்கன் அனுப்ப வேண்டுமென்றால், அந்த டோக்கனை நிர்வகிக்கும் ஒப்பந்த நிரலிலுள்ள செயற்கூற்றின் பெயரையும் அளபுரு வகைகளையும் கெச்சாக்-256 ஹாஷுக்கு உட்படுத்தி, விடையின் முதல் 4 பைட்டுகளை எடுக்க வேண்டும். பெறுநரின் முகவரி, தொகை இரண்டையும் தலா 32 பைட்டுகளாக நிரப்பி அதன்பின் ஒட்ட வேண்டும். மொத்தம் 68 பைட்டுகள். இதைக் கையால் செய்பவர் ஓர் இலக்கம் பிசகினாலும் பணம் வேறெங்கோ போய்விடலாம். திரும்பப் பெற வழியில்லை. வெப்3.ஜேஎஸ் இந்த வேலை முழுவதையும் ஒரே வரி அழைப்பாகச் சுருக்கியது.

எண்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. எத்திரியத்தின் நாணயமான ஈதர் ஒன்று என்பது 10^18 வெய். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையோ 9,007,199,254,740,991 வரைதான் பிழையின்றி எண்ணும். வெய் கணக்கில் அது ஓர் ஈதரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே தொடக்கம் முதலே பெரிய எண்களுக்கென்று தனி நூலகத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் வந்த 4.x பதிப்பு வரிசையில்தான் மொழியின் சொந்த பிக்இன்ட் வகைக்கு மாறினார்கள்.

2016இல் வந்த மெட்டாமாஸ்க் பணப்பை, பயனர் திறக்கும் பக்கங்களிலெல்லாம் இந்நூலகத்தைத் தானே செருகியது. நூலகம் வேகமாகப் பரவியதற்கு இது பெரிய காரணம். அது செருகியது பழைய 0.20 பதிப்பு வரிசை என்பதால், பலர் அதிலேயே தங்கிவிட்டதற்கும் இதுவே காரணம். 2021 ஜனவரியில் மெட்டாமாஸ்க் இவ்வழக்கத்தை நிறுத்தியது.

1.0 பதிப்பு 2017இல் பீட்டாவாக வந்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பீட்டாவாகவே கிடந்தது. நடுவில் நடந்த மறுசீரமைப்பைக் கைவிட்டு, பழைய 37ஆம் பீட்டாவை அடிப்படையாகக் கொண்டு 2019 ஜூலையில் 1.2.0 வெளியிடப்பட்டது. நூலகத்தின் வரலாற்றில் மிகப் பெரிய சறுக்கல் இதுதான். நிலையான பதிப்புக்காகக் காத்திருந்து அலுத்தவர்களுக்கு, ரிச்சர்ட் மூர் 2016இல் தொடங்கிய ஈதர்ஸ்.ஜேஎஸ் கைகொடுத்தது. அது அளவில் சிறியது. தனிச்சாவியைப் பயனரின் கணினியிலேயே வைத்துக் கையொப்பமிடுவதை முதலிலிருந்தே மையமாகக் கொண்டது.

பின்னர் பராமரிப்புப் பொறுப்பு செயின்சேஃப் நிறுவனத்திடம் சென்றது. டைப்ஸ்கிரிப்டில் புதிதாக எழுதப்பட்ட 4.x வரிசை 2023இல் வெளியானது. நல்ல மறுபிறப்புதான், ஆனால் காலம் கடந்து வந்தது: ஈதர்ஸ்.ஜேஎஸ் அதற்குள் வேரூன்றிவிட்டது, வியெம் என்ற புதிய நூலகமும் அதே ஆண்டில் வந்துவிட்டது. 2025 மார்ச் 4 அன்று வெப்3.ஜேஎஸ்ஸின் களஞ்சியம் மூடப்பட்டது. ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது என்பதால், பிறர் பணத்தைக் கையாளும் நிரலில் இதை வைத்திருப்பவர்கள் தாமதிக்காமல் வியெம், ஈதர்ஸ்.ஜேஎஸ் இரண்டில் ஒன்றுக்கு மாறிவிட வேண்டும்.